படகில் செருப்பைக் கழற்றிய இரவு

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. அண்ணனின் மீன்பிடிப் படகில் அண்ணன், மதினி, நான் மூவரும் மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிவிட்டு இப்போதுதான் கரையேறினோம்.

முழு நிலா. பனியும் வெளிச்சமும் ஒரே நிறத்தில் இருந்ததால் தேயிலை மலை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

நடுவில் அண்ணன் துடுப்பை நிறுத்தினார்.

"செருப்பக் கழட்டுங்க. கீழ கோயில் இருக்கு."

அணை கட்டியபோது பழைய மஸ்கெலியாவோடு மூழ்கிய கோயில் அது. தண்ணீர் வற்றினால்தான் வெளியே தெரியும்.

"சாமியத்தான் அப்பவே மேட்டுக்குக் கொண்டு போயிட்டாங்களே அண்ணே?" என்றேன்.

"சாமி போயிட்டா அது கோயில் இல்லேன்னு ஆயிருமா?" என்று மதினி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கும் பயம் வந்துவிட்டது. அவசரமாகக் குனிந்து ஒன்றைக் கழற்றினேன். படகு சாய்ந்ததில் கையிலிருந்த புதுச் செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. நிலா வெளிச்சத்தில் அது மெதுவாக, மிக மெதுவாகக் கோயிலை நோக்கி இறங்கிப்போனது. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கோயிலில் செருப்பைத் தொலைப்பது புதிதில்லைதான். ஆனாலும் தண்ணீர் வற்றும்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் இடதுகால் செருப்பு ஒன்றைக் கண்டால் சொல்லுங்கள். வலதுகாலை வீசாமல் வைத்திருக்கிறேன்.