கிழியாத படங்கு

பூண்டுலோயாப் பாதையின் சேறு என் மோட்டார் சைக்கிளின் சங்கிலியில் அப்பியிருந்தது. எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில், பின்சக்கரம் தரையில் படாதவாறு வண்டியை நிறுத்தி, கியரில் ஓடவிட்டு, சுழலும் சங்கிலியைத் துடைக்கத் தொடங்கினேன். கையில் சுற்றியிருந்தது, கொழுந்து பறிக்கையில் என் மனைவி இடுப்பில் கட்டும் படங்கின் பழைய துண்டு. தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சிகள் ஆண்டுக்கணக்கில் குத்தியும் கிழியாத முரட்டுத் துணி அது.

“மெக்கானிக் ஐயா, வெரல எண்ணி வச்சுக்கிட்டுத் தொடைங்க,” என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

“ஓடுறப்ப தொடைச்சாத்தான் சட்டுனு முடியும்.”

சங்கிலி துணியின் ஓரத்தைக் கவ்வியது. வேறு துணியாயின் கிழிந்து கையை விட்டிருக்கும். படங்கு கிழியாமல் என் வலக்கையை இழுத்துப் பற்சக்கரத்தில் திணித்தது. எலும்பு நொறுங்குவது எனக்குக் கேட்டது. இயந்திரம் திணறி நின்றது. ஆள்காட்டி விரல் பல்லுக்கும் சங்கிலிக்கும் இடையில் நசுங்கிக் கிடக்க, குருதி சக்கரக் கம்பிகளில் வழிந்தது.

ஓடிவந்தவள் சக்கரத்தை இரு கைகளாலும் பற்றினாள். “பின்னால சுத்தப் போறேன். பல்லக் கடிச்சுக்கங்க.”

ஏறிய வழியே பற்கள் சதையைக் கிழித்துக்கொண்டு இறங்கின. என் அலறலில் லயமே வெளியே வந்தது. அவள் காயத்தின்மேல் சுத்தமான துவாயைச் சுற்றினாள். சங்கிலியில் தொங்கிய படங்கைக் கத்தியால் அறுத்து, அதன்மேல் இறுக்கிக் கட்டினாள்.

“இது அவுராதுங்க,” என்றாள்.

மருத்துவமனையில் நுனிக்கணுவை மட்டும் வெட்டினார்கள். மிச்ச விரல் பிழைத்தது.