தண்ணீரோடு கழிபட்ட முகடு

எடமலைப்பட்டி புதூரிலிருந்து துவாக்குடிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கு, முனைவர் பட்டத்துக்காக, ஃபெமினா ஆறு வருஷம் பஸ்ஸில் போய்வந்தாள். தண்ணீரை நீக்குவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படம் மட்டுமல்ல, மூளையில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்பதையும் வரைகோடாகப் பார்க்கலாம். ஆனால் உடம்புத் தண்ணீரின் சிக்னல் அவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. எவ்வளவு அடக்கினாலும் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைக் கணக்கிட்டுக் கழிக்க அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். கழித்ததும் ரசாயனங்கள் சின்னச் சின்ன முகடுகளாகத் தெரியும்.

ஐந்தாம் வருஷம் அதில் ஒரு குறை அகப்பட்டது. ஸ்கேனுக்குள் நோயாளி தலையை அசைத்தால் தண்ணீரின் முகடு அகன்றுவிடுகிறது. புரோகிராம் பக்கத்து முகட்டையும் சேர்த்துக் கழித்துவிடுகிறது. ஒருவகை மூளைக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் முகடு அது. ஆய்வேட்டில் இரண்டு பக்கம் அதைப் பற்றி எழுதினாள்.

வழிகாட்டி ஜெயக்குமார் அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார்.

"இதை எடுத்துடுங்க. புரோகிராமை வாங்கிக்க கம்பெனிக்காரங்க வராங்க."

"நெசமாவே தப்பாகுது சார்."

"எந்தப் புரோகிராம்லதான் தப்பில்ல? இந்த வருஷம் டிகிரி வேணுமா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கீங்களா?"

அவளுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. இரண்டு பக்கத்தையும் அவளே அழித்தாள். பட்டம் கிடைத்தது, வேறொரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து, தீராத தலைவலி என்று அத்தை சகாயம்மாளை ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனாள். அத்தைக்கு ஒன்றுமில்லை. ஃபெமினா யாரென்று தெரிந்ததும் டெக்னீஷியன் கலையரசன் உற்சாகமாகிவிட்டான்.

"உங்க புரோகிராம்தான் மேடம் இங்க ஓடுது. எவ்ளோ சுத்தமா வருது பாருங்க."

வேறொரு நோயாளியின் வரைகோட்டைக் காட்டினான். தண்ணீருக்குப் பக்கத்தில் துடைத்துவிட்டதுபோல் தட்டையாக இருந்தது.

"இவர் தலையை ஆட்டினாரா?"

"கொஞ்சம் ஆட்டினார் மேடம். வயசானவர்."

"கழிக்கிறதுக்கு முந்தின பதிவு இருக்கா?"

"அதை வச்சுக்கறதில்லயே. இடம் பத்தாது."

வெளியே வந்ததும் ஜெயக்குமாருக்குப் போன் செய்தாள். அவர் நிதானமாகக் கேட்டார்: "ஆய்வேட்டுல யார் கையெழுத்து இருக்கு ஃபெமினா? நீங்கதானே சரின்னு எழுதிக் கொடுத்தீங்க?"



புரோகிராமைப் பற்றிய அவளுடைய கட்டுரை வெளிவந்திருந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு நடந்ததையெல்லாம் எழுதினாள், தான் அழித்ததையும் சேர்த்து. பத்து மாதம் கழித்து ஐந்து வரியில் ஒரு திருத்தம் வந்தது. அவள் வேலை பார்த்த கல்லூரி விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தது. ஜெயக்குமார் அதற்குள் துறைத்தலைவராகியிருந்தார்.

திருத்தத்தை ஸ்கேன் சென்டருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கலையரசனைப் போனில் கூப்பிட்டாள்.

"போன வாரமே அந்தப் புரோகிராமை நிறுத்திட்டோம் மேடம்."

"முன்னாடி எடுத்தவங்களுக்குச் சொன்னீங்களா? திரும்ப எடுத்துப் பார்க்கலாமே."

"டாக்டர்கிட்ட கேட்டேன். எதுக்கு வீணா பயமுறுத்தணும்னுட்டார்."

"அந்தப் பெரியவர்?"

பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அவர் அப்புறம் வரல மேடம்."