பெரிய டயர்மேல் போட்ட பழி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிடைத்த வேலைக்காக ஊர் ஊராகப் போனவன் நான். கனடாவின் மொன்றியலில் முதல் குளிர்காலம், பியர்பொன்ட்ஸ் பகுதி வீட்டு வாசல்களில் பனி தள்ளும் வேலை. பிக்கப் ட்ரக் மன்னார்க்காரரான அந்தோனி அண்ணையுடையது. பனியில் புதையாதிருக்க அதற்குப் பெரிய டயர்கள் பூட்டியிருந்தார்.

சில நாட்களில் ஸ்டியரிங் கனக்கத் தொடங்கியது. திருப்பும்போது எஞ்சின் பக்கம் ஏதோ முனகியது. அண்ணையிடம் சொன்னேன்.

“பெரிய ரயர் எண்டா அப்பிடித்தான் தம்பி. சோத்தைக் கொஞ்சம் கூடப் போட்டுச் சாப்பிடு.”

நானும் நம்பினேன். தோள் வலித்தது, பழகிவிடும் என்று ஓட்டினேன். முனகல் மட்டும் நாளுக்கு நாள் கூடியது.

ஒரு காலை, தெருமூலையில் மெதுவாகத் திரும்பினேன். எதிர் ஓரத்தில் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். பாதித் திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாய் இறுகிவிட்டது. பிரேக்கை மிதித்தேன், ட்ரக் அவர்களை நோக்கிச் சறுக்கியது.

“அண்ணை, திரும்புதில்லை!”

“பிரேக்கை விட்டிட்டு இழுடா!” பக்கத்தில் இருந்த அண்ணையும் பாய்ந்து பிடித்தார். இருவரும் சேர்ந்து இழுத்ததில் பனிமேட்டில் மோதி நின்றோம். கடைசிப் பிள்ளை கையெட்டும் தூரத்தில், கயிற்றை விடாமல் எங்களைப் பார்த்தது.

எஞ்சின் மூடியைத் திறந்தால், ஸ்டியரிங்கை இலகுவாகத் திருப்ப உதவும் எண்ணெய்த் தொட்டி வறண்டு கிடந்தது. குழாய் வெடித்திருந்தது. ஒழுகிய எண்ணெயை ஒவ்வொரு இரவும் புதுப்பனி மூடியிருக்கிறது.

இப்போது எந்த வண்டி ஓட்டினாலும், நிறுத்தியதும் எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை விரிக்கிறேன். காலையில் அதில் எண்ணெய்க் கறை இருந்தால், யார் அவசரப்படுத்தினாலும் சாவியைத் திருப்புவதில்லை.