ஒல்லி உடம்புக்கு ஒன்றும் வராது

என் கணவருக்குச் சதை பிடிக்காதது என் குற்றம் என்றுதான் புகுந்த வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். "கட்டிக்கிட்டவ சோறு போடுறாளா இல்லையா?" என்று அல்வாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமியார் கேட்பார். அந்தச் சொல்லுக்குப் பயந்து இருபது வருடம் அவர் சாதத்தில் நெய்யைக் கொட்டினேன். ஒட்டடைக்குச்சி ஒட்டடைக்குச்சியாகவே இருந்தது. சின்னதாக ஒரு தொப்பை மட்டும், சட்டையை வெளியே விட்டால் தெரியாது.

அவருக்கு வேலை கொண்டாப்பூரில், ஒரு அமெரிக்கக் கம்பெனியில். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஒருமுறை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவருக்கும் என் கணவருக்கும் ஒரே வயது, நாற்பத்தெட்டு. வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார் மனிதர். எட்டுத் தோசை சாப்பிட்டார்.

"பாவம், இந்த உடம்போட எத்தனை நாள் ஓடுமோ" என்றேன் சமையலறையில்.

"நமக்கு அந்தக் கவலையே நக்கோ, வேண்டவே வேண்டாம். ஆபீஸ் சார்ட்ல என் வெயிட் நார்மல்" என்றார் என் கணவர். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் கம்பெனி நாற்பத்தைந்து தாண்டிய ஆண்களுக்கெல்லாம் இதயத்தை ஸ்கேன் எடுத்தது. எடையைக் குறைக்கச் சொல்லி மேனேஜரை அனுப்பிவிட்டார்கள். என்னவரை உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார்கள். இதயத்தைச் சுற்றிலும் கொழுப்பு, மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு.

நான் டாக்டரிடம் சண்டைக்கே போனேன். ரிப்போர்ட் மாறியிருக்கும், இது அந்தக் குண்டு மனிதருடையது என்றேன். டாக்டர் தெலுங்கும் ஆங்கிலமுமாகப் பொறுமையாக விளக்கினார். வெள்ளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் தோலுக்கடியில் சேர்கிற கொழுப்பு, நம் ஆண்கள் பலருக்கு வெளியே தெரியாமல் உள்ளே போய்ச் சேர்கிறதாம். அந்த ஆபீஸ் சார்ட்டின் எடைக் கணக்கே அவர்கள் உடம்பை வைத்துப் போட்டதாம். யார் உடம்புக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்குச் சரியாக இருக்கிறது என்று திரிந்திருக்கிறார் இவர். நானும் கூடவே தலையாட்டியிருக்கிறேன்.

மாமியாரிடம் சொன்னோம். "இளைச்ச உடம்புல கொழுப்பு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று என்னைத்தான் பார்த்தார். சதை இல்லாவிட்டாலும் நான், கொழுப்பு இருந்தாலும் நான்.

பைபாஸுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு, காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் துக்கம் கேட்க வந்தார். மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "எங்கள் டீமிலேயே உங்கள் கணவர்தான் ஆரோக்கியமானவர் என்று நினைத்திருந்தேன்" என்றார். நல்ல மனிதர், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். ஆனால் அந்தப் பெரிய மார்பு ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது இதுவாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.