தம்பி கொடுத்த மோர்

நகரி பக்கம் எனக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்து மாந்தோப்பு. நடுவிலுள்ள மரங்கள் யாருக்கு என்று அவன்மேல் வழக்குப் போட்டேன். "ஸ்டே வந்தாச்சு" என்றார் வக்கீல். நான் வாங்கிய உத்தரவு அவனுக்கு மட்டும்தானே என்று, அதில் என்ன எழுதியிருக்கிறதென்றுகூடக் கேட்கவில்லை.

மறுவாரமே கோடாலியோடு போய் அந்த நடு மரங்களில் ஒன்றை வெட்டினேன். தம்பி தடுக்கவில்லை. சொம்போடு வந்தான். "வெயில்ல கஷ்டப்பட்டுக்கினு கீறியேண்ணா, மோர் குடி." மனம் மாறிவிட்டான் என்று நம்பிக் குடித்தேன். அந்தத் தெம்பில் இன்னும் இரண்டு மரங்களைச் சாய்த்தேன்.

அத்தனையையும் அவன் மனைவி வீடியோ எடுத்திருந்தாள். தீர்ப்பு வரும்வரை மரங்களைத் தொடக்கூடாதென்ற உத்தரவு இருவருக்கும்தான் என்று சொன்ன நீதிபதி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தம்பி பார்த்துச் சிரிக்க நான் மன்னிப்புக் கேட்பதா? மாட்டேன் என்றேன். நீதிமன்ற அவமதிப்புக்காகப் பதினைந்து நாள் சித்தூர் ஜெயிலில் இருந்தேன்.

இப்போது எந்த உத்தரவு வந்தாலும் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். போனில் சார்ஜ் குறையவிடுவதில்லை. மிச்ச மரங்கள் அப்படியே நிற்கின்றன. தம்பி கோடாலி எடுக்கும் நாளுக்காக என் மனைவி தினமும் மோர் கடைந்து வைக்கிறாள்.