காகம் இல்லாத குளிர்காலம்

என் தம்பிக்குப் பசி மட்டும் பொறுக்காது. சோறு கொஞ்சம் பிந்தினாலே மூஞ்சையைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

டொரோண்டோவில் வீட்டு விலை எட்டாது என்று மனைவியோடு சஸ்காச்சுவானுக்குப் போனான். வெட்டவெளி, கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை. அங்கே தானிய லொறி ஓட்டினான். டொரோண்டோ மல்வேர்னிலேயே இருக்கும் என்னோடு போனில் பேசினால் காலநிலைக் கதைதான்.

"அக்கா, இஞ்சை மழை திடீரெண்டு வராது. தூரத்து வயலிலை பெய்யிறது தெரியும், பிறகு மெல்ல நடந்து வரும். கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுக்க நேரமிருக்கு."

கோடையில் ஆலங்கட்டி விழுந்து யாருடைய பயிரோ படுத்தால் இவன் கவலைப்படுவான். பனிமாரியில் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் நாள்தான் பொல்லாதது என்பான். வெயில் எறிக்குமாம், மீசை உறையுமாம்.

"உந்தக் கதையை விட்டிட்டுத் திரும்பி வாடா" என்று ஏசுவேன். சிரிப்பான்.

அப்படியொரு நீல நாளில்தான், வாசலில் பனி தள்ளப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

அவன் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, நானும் அவன் மனைவி மச்சாளும் அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். வேலியோரம் படையல் சோற்றை வைத்து, காற்று முகத்தை அறைய அறைய, "கா... கா..." என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. ஆவி பறந்த சோறு கண்ணுக்கு முன்னால் கல்லானது.

சத்தம் கேட்டு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர், காகங்கள் பனிக்கு முன்பே தெற்கே போய்விடும், உருகும்போதுதான் திரும்பும் என்றார். காகம் இல்லாத ஊரும் உலகத்தில் உண்டா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகமே பயந்து ஓடுகிற குளிரில் என் தம்பி என்னத்துக்கு நின்றான்?

மச்சாள் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பனியைத் தள்ளிப்போட்டு வாங்கோ, சாப்பிடலாம் எண்டு நான்தான் மச்சாள் அனுப்பினனான். பசியோடைதானே போனவர். அந்தக் கோவமோ?"

நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

மல்வேர்னுக்குத் திரும்பி வந்தபின் பல்கனியில் காகத்தைக் கண்டாலே வயிறு எரியும். உங்களுக்கென்ன, தின்னுங்கோ என்று திட்டிவிட்டுக் கதவை மூடுவேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலை மச்சாள் போன் எடுத்தாள். முதலில் வெளிக்காற்றுத்தான் இரைந்தது. அதற்குள்ளே, மெல்லியதாக, காகம் கரைந்தது.

"வேலியிலை சோறு வைச்சனான், மச்சாள்" என்றாள். "சாப்பிடுறார்."



"இன்னும் கொஞ்சம் போடும், மச்சாள்" என்றேன். "அவன் கனநாளாப் பசி கிடந்தவன்."