அண்ணன் கையில் சாவிக்கொத்து

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு முறை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பிறவிக் குணம் என்கிறார் என் கணவர். பிறவிக் குணமெல்லாம் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் காத்திருந்து காத்திருந்து வந்த வியாதி இது.

தொண்ணூறுகளில் நாங்கள் செங்கல்பட்டில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அப்பா வேன் ஓட்டினார். அம்மா ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டு முதலில் வீடு திரும்புவது நான்தான். ஆனால் சாவி அண்ணனிடம் இருக்கும். அவன் பெரிய வகுப்பு, வேறு பள்ளி, வர நேரமாகும். அதுவரை வாசற்படியில் உட்காருவேன், எழுந்திருப்பேன், கதவை ஒரு உதை உதைத்துவிட்டு மறுபடி உட்காருவேன். எதிர்வீட்டு அக்கா குடத்தோடு போகும்போதெல்லாம் கேட்பாள்.

"இன்னாடி, வெளியவே குந்திகினு கீற? சாவி இல்லியா?"

"எங்க அண்ணங்கிட்ட கீது."

இந்த வாக்கியத்தை நான் பல்லைக் கடிக்காமல் சொன்னதே கிடையாது.

ஒரு சாவி என்றால்கூடப் பரவாயில்லை. அது ஒரு கொத்து. வாசல் பூட்டின் சாவி ஒன்றுதான் அதில் உருப்படி. மற்றதெல்லாம் எப்போதோ தூக்கிப்போட்ட பீரோவின் சாவி, திருட்டுப்போன சைக்கிளின் சாவி, எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத நீளமான இரும்புச் சாவி ஒன்று. பகலில் அது அவன் கால்சட்டைப் பையில். ராத்திரி தலையணைக்கு அடியில். சில நாள் காலையில் அவன் உள்ளங்கையில் சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருக்கும். நான் எடுத்துவிடக் கூடாதென்று தூக்கத்திலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பேன். எனக்கும் ஒரு சாவி செய்து கொடுத்தால் என்ன என்று கேட்டால், "நீ எங்கனா உட்டுட்டு வந்துடுவ" என்பாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது.

சாவி மட்டுமா? அண்ணனுக்கு மட்டும் ராத்திரி பாலும் சத்து மாத்திரையும். படிக்கிற பிள்ளையாம். நான் என்ன மாடா மேய்த்துக்கொண்டிருந்தேன்? மாவு மில்லுக்குச் சைக்கிள் மிதிப்பது நான். அவனைச் சைக்கிள் தொடவே விடமாட்டாள். அவன் தூங்கினால் வீட்டில் ரேடியோகூடப் பாடாது. அம்மா அவன் பக்கத்தில்தான் படுப்பாள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. நானும் அப்பாவும் கூடத்தில். ஆம்பளைப் பிள்ளை என்றால் இப்படித்தான் என்று தெருவில் எல்லோருக்கும் பழகியிருந்தது. எனக்குப் பழகவில்லை.

ஒரு காணும் பொங்கலுக்கு அப்பாவின் வேனில் தெருவே ஏறி மாமல்லபுரம் போனோம். புளிசோறு, கரும்பு, பாய், குடம் எல்லாம் கூடவே ஏறின. போய் இறங்கியதும் பிள்ளைகள் எல்லாம் கடலுக்குள் ஓடினார்கள். நான் ஓடும்போது அம்மா பின்னலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் ஒண்டியா கீறான். நீ கூடக் குந்து." அவனைத் தண்ணீரில் இறக்கக் கூடாதாம். அவன் இறங்காததால் நானும் இறங்கக் கூடாது! நான் மணலைக் காலால் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவனோ துண்டை விரித்துத் தூங்கிப்போனான். பையிலிருந்து கொத்து நழுவி மணலில் கிடந்தது. அதை எடுத்துப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு கடலுக்கு ஓடினேன். இடுப்பில் சாவி குலுங்கியபோது எங்கள் வீடே என்னுடையது ஆகிவிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஓர் அலை வரும்வரைதான். அலை என்னைப் புரட்டிப்போட்டுவிட்டுத் திரும்பியபோது நாடாவின் முடிச்சு அவிழ்ந்திருந்தது.

தெருவே பார்க்க அம்மா என்னை அறைந்தாள். அதற்குமுன் அவள் என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு, கட்டின புடவையோடு தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் மணலைத் துழாவினாள். "இன்னாக்கா, பீரோ நெறைய நகயா?" என்று யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புளிசோற்றைக்கூடப் பிரிக்கவிடாமல் அப்பாவிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள். திரும்பும் வழியெல்லாம் அண்ணனின் மூடிய கையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தாள். அறை வாங்கியது நான், ஆறுதல் அவனுக்கு. அன்று மாலை அப்பா பூட்டைக் கல்லால் உடைத்தார். மறுநாளே அண்ணனிடம் புதுக் கொத்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அம்மாவிடம் தேவைக்குமேல் பேசியதில்லை. இரண்டாயிரம் பிறந்து எனக்குக் கல்யாணமாகி, கணவரின் அணுமின் நிலைய வேலைக்காக அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் செய்த முதல் காரியம் வாசலுக்குள் ஓர் ஆணி அடித்து என் சாவிக்கொத்தை மாட்டியதுதான்.

முதல் பொங்கல் வரிசையோடு அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். விடியுமுன் பஸ் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே வந்ததில் அண்ணன் முகம் வெளுத்திருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நானில்லையே. ஆணியைக் காட்டி, "பாத்தியா? இது என் வூட்டு சாவி. இத யாருக்கும் காவலுக்குக் குடுக்க வேணாம்" என்றேன். அப்போது அண்ணன் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. பின்னாலேயே அவனும் விழுந்தான்.

உடம்பு விறைத்து, வெட்டிவெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் கத்தினேன். அம்மா கத்தவில்லை. அவன் கொத்து கால்சட்டைப் பையோடு உடம்புக்கு அடியில் சிக்கியிருந்தது. அவள் ஆணியிலிருந்து என் கொத்தைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மேலே தன் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வேனில் உட்கார்ந்துவந்த அதே மாதிரி.

எனக்கு எல்லாம் அங்கேயே புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சாவியின் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. "இரும்புக்கு ஒரு சக்தியும் இல்லம்மா. காயம்தான் ஆகும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும், தானா நின்னுடும். மாத்திரைய மட்டும் விடாதீங்க" என்றார். முந்தின ராத்திரி, விடியற்காலை பஸ்ஸுக்கு மூட்டை கட்டிய அவசரத்தில் மாத்திரை மறந்திருந்தது.

"அப்ப இத்தினி நாளும் சாவியால நிக்கலியா?" என்று அம்மா கேட்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

வராந்தாவில் நான் நடந்துகொண்டே இருந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்கிட்டயா? நீ தெருவுக்கே சொல்லிட்டு வந்திருப்ப. அண்ணனுக்கு வலிப்பு கீதுன்னா உன்ன எவன் கட்டுவான்?"

"அதுக்கு வூட்டு சாவிதான் கெடச்சுதா?"

"சும்மா ஒரு இரும்பத் தூக்கினு திரிஞ்சா பசங்க இன்னாடான்னு கேப்பானுங்க. வூட்டு சாவின்னா யாரு கேப்பா?"

யாரும் கேட்கவில்லைதான், என்னைத் தவிர.

"அன்னிக்குக் கடல்ல தொலச்சிட்ட. வழியில அவனுக்கு வந்துடுச்சுன்னா? தெருவே வேன்ல கீது. தாலில கெடந்த ஊக்கக் கழட்டி அவன் கையில வச்சுப் புடிச்சிகினு வந்தேன்." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன்ன அடிச்ச கை ரெண்டு நாளு எரிஞ்சிகினே இருந்துச்சுடி."

நான் நடப்பதை நிறுத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகக் கட்டிச் சுமந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அழுதேன்.

அண்ணன் கண் விழித்ததும், "இன்னா, பாத்துட்டியா?" என்றான். தலையாட்டினேன். "இனிமே பாவம் பாக்காத. நீ சண்ட போட்டுகினே இருந்தப்பதான் எனக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சு." நாசமாய்ப் போக, என்று திட்டினேன். அவன் சிரித்தான்.

மறுநாள் பஸ் ஏற்றிவிடப் போனேன். அம்மா ஜன்னலோரம், அண்ணன் அவள் தோளில் சாய்ந்து கண் மூடியிருந்தான். மாத்திரை பையில் பத்திரமாக இருந்தது. என்றாலும் அம்மாவின் வலதுகை அவன் கால்சட்டைப் பையைத் தடவியது, தன் மடியைத் தடவியது, பிறகு எதையோ விட்டுவிட்ட மாதிரி விரித்தபடியே கிடந்தது. அவனுடைய கொத்தை ஆஸ்பத்திரியிலேயே அவள் எடுத்துத் துணிப்பையின் அடியில் போட்டுவிட்டாள். டாக்டர் சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. வண்டி உறுமியது. நான் என் கொத்தை ஜன்னல் வழியாக நீட்டி அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

"டாக்டரு வேணான்னாரே?"

"அவனுக்கு இல்லம்மா. உனக்கு."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. கணவர் ஷிப்ட் முடிந்து வர மாலையாகும். படியில் உட்கார்ந்தேன். எழவில்லை. பக்கத்து வீட்டம்மா துணி உலர்த்தவந்து எட்டிப்பார்த்தார்.

"என்னங்க, வெளியிலயே உக்காந்துட்டீங்க? சாவி இல்லையா?"

"எங்கம்மா கைல கீதுங்க" என்றேன்.